எறிந்த கையும் ஏந்திய கையும்

"மேலே எறிந்தது கீழே விழத்தான் செய்யும்" என்னும் வாக்கை நம் ஊர்களில் கேளாத நாள் இல்லை. கடை வைத்து நொடித்துப்போனவனைப் பார்த்தும் இதுவே சொல்லப்படுகிறது. படிப்பை இடையில் விட்ட பிள்ளையைப் பார்த்தும் இதுவே சொல்லப்படுகிறது. கூலி உயர்வு கேட்டுத் திரண்டு, பின்பு கலைந்துபோன உழைப்பாளரைப் பார்த்தும் இதுவே சொல்லப்படுகிறது. சொல்பவர் ஓர் இயற்கை விதியை எடுத்துரைத்துவிட்டதாக எண்ணி மன அமைதி கொள்கிறார். கேட்பவரும், இயற்கையோடு வழக்காட யாரால் இயலும் என்று வாய்மூடிக்கொள்கிறார். இந்த அமைதிதான் எமக்கு ஐயத்தை எழுப்புகிறது. இயற்கை உண்மையில் அவ்வாறுதான் சொல்கிறதா? அன்றி, இயற்கை சொல்லாத ஒன்றை அதன் வாயில் வைத்து, நமது கடமையிலிருந்து நாம் தப்பிக்கொள்கிறோமா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இவ்வாக்கு கற்களையும் கலங்களையும் பொறுத்தவரையிற்கூட முழு உண்மை அன்று. செக்கனுக்கு ஏறத்தாழ 11.2 கிலோமீற்றர் வேகத்தோடு புவிப்பரப்பை விட்டுப் புறப்படும் பொருள், வளியின் தடை இல்லையெனின், மீண்டும் புவிக்குத் திரும்புவதில்லை. 1959 ஜனவரியில் சோவியத் ஒன்றியம் ஏவிய லூனா 1 என்னும் விண்கலம் சந்திரனைத் தாண்டிச் சென்று சூரியனைச் சுற்றும் பாதையில் அமைந்துவிட்டது. மேலே சென்ற அது கீழே வரவில்லை. ஆயினும் விண்கலங்களின் கதையை விரிப்பது நமது நோக்கமன்று. மனிதக் கை ஒன்று எறியும் சாதாரணக் கல்லையே எடுத்துக்கொள்வோம். அக்கல்லும் விழுந்தே தீரவேண்டுமா என்பதுதான் கேள்வி.

நாம் பல்கலைக்கழகத்தில் கற்றது தமிழ், பௌதிகம் அன்று. எனினும் இக்கேள்விக்கான விடையை நாம் முதன்முதலிற் கண்டது எந்த நூலிலும் அன்று. தம்பிலுவில்லில், பாதி எழும்பிய ஒரு வீட்டின் முன்பாகவே கண்டோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் புகுந்து சென்றபின், அடுத்துவந்த ஆண்டுகளில் எமது கரையெங்கும் வீடுகள் மீண்டும் கட்டப்பட்டன. அப்போது நாம் பாடசாலை மாணவராக இருந்தோம். பாடசாலை விட்டு வரும் வழியில், சாரத்தின் மேற்பலகையில் நின்று முகட்டுச் சுவர் கட்டிய மேசன் ஒருவரையும், கீழே நின்று அவருக்குச் செங்கல் எறிந்த இளைஞன் ஒருவனையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். மேசன் அக்கரைப்பற்றிலிருந்து வந்த முஸ்லிம் பெரியவர். எறிந்தவன் எமது ஊர் இளைஞன். அவன் அவரைக் "காக்கா" என்றான். அவர் அவனை "மனே" என்றார். முதற்சில கற்களை அவன் வேகமாக எறிந்துவிட்டான். அவர் கையை உதறிக்கொண்டு, "மெதுவா எறி மனே, கல்லு என்ட கையில வந்து நிக்கணும், கையை அடிக்கப்படாது" என்றார். அதன்பின் அவன் எறிந்த ஒவ்வொரு கல்லும் அவருடைய கையருகே வந்து, ஒரு கணம் தயங்கி, நின்றது. அவர் அதனை அடித்துப் பிடிக்கவில்லை. பூவைக் கொய்வதுபோல வளியிலிருந்து எடுத்தார். எடுத்த கல்லைச் சாந்தின்மேல் வைத்தார். ஒரு கல்லும் கீழே விழவில்லை.

பல ஆண்டுகளின் பின், எமது ஆசிரியர் அறையில் பக்கத்து மேசையில் இருக்கும் விஞ்ஞான ஆசிரியரிடம் இக்காட்சியைச் சொல்லி விளக்கம் கேட்டோம். அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுக் காட்டினார். செங்கல்லின் திணிவு 2 கிலோகிராம் என்றும், அது கையை விட்டுப் பிரியும் வேகம் செக்கனுக்கு 8 மீற்றர் என்றும் கொள்வோம். இயக்கத்தினால் அக்கல் பெற்றிருக்கும் சக்தி, அதாவது இயக்கசக்தி, 64 யூல் ஆகும். கல் மேலே செல்லச் செல்ல அதன் வேகம் குறைகிறது, இயக்கசக்தியும் குறைகிறது. ஆனால் குறைந்த சக்தி அழிந்துபோகவில்லை. உயரத்தினால் உண்டாகும் சக்தியாக, அதாவது அழுத்தசக்தியாக, அது மாறிக்கொண்டே செல்கிறது. வளியின் சிறு தடையை விலக்கிப் பார்த்தால், எந்தக் கணத்திலும் இரண்டையும் கூட்டினால் வருவது அதே 64 யூல்தான். புவியீர்ப்பு ஆர்முடுகலை வகுப்பறை வழக்கப்படி 10 என்று கொண்டால், 3.2 மீற்றர் உயரத்தில் வேகம் பூச்சியமாகிறது. அங்கே இயக்கசக்தி இல்லை. 64 யூலும் அழுத்தசக்தியாக நிற்கிறது.

இக்கணக்கில் எம்மை வியக்கவைத்த இடம் ஒன்று உண்டு. கல்லின் வேகம் பாதியாகக் குறைந்து, செக்கனுக்கு 4 மீற்றராகும் இடத்தை எண்ணிப் பாருங்கள். பாதி வேகம் என்றால் பாதி உயரம் என்றே நாம் நினைத்திருந்தோம். அது தவறு. இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வேகம் பாதியாகும்போது இயக்கசக்தி காற்பங்காகிவிடுகிறது: 64இல் 16 மட்டுமே எஞ்சியிருக்கிறது. மற்ற 48 யூலும் உயரமாக மாறிவிட்டது. அவ்வேளை கல் 2.4 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஏறவேண்டிய உயரத்தில் முக்காற்பங்கை அது ஏறிவிட்டது. வேகத்தை மட்டும் பார்ப்பவன் "கல் தளர்ந்துவிட்டது" என்பான். சக்தியைக் கணக்கிடத் தெரிந்தவனோ "கல் முக்கால் வழி வந்துவிட்டது" என்பான். நம் பிள்ளைகளைப் பார்த்து, "தொடக்கத்தில் இருந்த வேகம் இப்போது இல்லை" என்று நாம் முகம் சுளிக்கும் வேளைகளில், எத்தனை பேர் அந்த முக்காற்பங்கு உயரத்தில் நின்றார்களோ!

உச்சியை அடைந்த கல் நிற்கிறது. நின்றதென்றால் அதனிடம் ஒன்றும் இல்லை என்று பொருளன்று. பெற்றது முழுவதையும் அது வைத்திருக்கும் கணமே அக்கணம். இக்கணத்தின் பின் இரண்டு வழிகள் உண்டு. ஏந்துவார் இல்லையெனின் கல் திரும்புகிறது. பெற்ற உயரம் மீண்டும் வேகமாக மாறி, புறப்பட்ட இடத்தைப் புறப்பட்ட அதே வேகத்தோடு வந்தடைகிறது. தரையில் மோதி ஒலியாகவும் வெப்பமாகவும் சிதறுகிறது. ஒரு யூல்கூட உலகக் கணக்கில் அழியவில்லை. ஆனால் சுவரும் எழவில்லை. ஏந்துவார் உண்டெனின், அச்சக்தி உயரமாகவே தங்கிவிடுகிறது; கல் சுவராகிறது. இரண்டு வழிகளிலும் சக்திக் காப்பு விதி ஒன்றே. எவ்வழி என்பதை அவ்விதி தீர்மானிக்கவில்லை. மேலே ஒரு கை இருந்ததா இல்லையா என்பதே தீர்மானித்தது.

இங்குதான் அந்தப் பழைய வாக்கின் பொய் வெளிப்படுகிறது. எறிந்த கல் விழுவது அதன் சக்தி தீர்ந்துபோனதனால் அன்று. ஏந்த ஆள் இல்லாததனால். "விழத்தான் செய்யும்" என்பது இயற்கையின் தீர்ப்பு அன்று. கைகட்டி நின்றவன் இயற்கையின் பெயரால் தனக்குத் தானே எழுதிக்கொண்ட விடுதலைப் பத்திரம் அது.

இவ்விதியைக் கண்டறிந்தோருள் ஒருவரின் வாழ்வே இதற்குச் சான்றாகும். யூலியஸ் றொபேட் மாயர் என்னும் ஜேர்மன் மருத்துவர் 1840இல் ஒல்லாந்தக் கப்பலொன்றில் வைத்தியராக யாவாத் தீவுக்குச் சென்றார். அங்கு மாலுமிகளுக்குக் குருதி வடித்தபோது, நாளக் குருதி தாம் எதிர்பார்த்ததைவிட மிகச் சிவந்திருக்கக் கண்டார். வெப்ப நாட்டில் உடலைச் சூடாக வைத்திருக்க உணவு குறைவாகவே எரிய வேண்டியிருக்கிறது என்று எண்ணினார். அவ்வெண்ணத்தைத் தொடர்ந்து சென்று, உணவும் வெப்பமும் உடலுழைப்பும் ஒரே பொருளின் வெவ்வேறு வடிவங்கள், அது மாறுமேயன்றி அழியாது என்னும் முடிவுக்கு வந்தார். 1842இல் அதை எழுதி வெளியிட்டார். அறிஞர் உலகம் அதனை ஏந்தவில்லை. புறக்கணிப்பும் குடும்பத் துயரும் சேர்ந்து வருத்த, 1850இல் அவர் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றார். பின்பு மனநோய் விடுதியிலும் அடைக்கப்பட்டார். நெடுங்காலத்தின் பின்னரே அவர் உழைப்பின் பெருமை உணரப்பட்டது. இலண்டன் றோயல் சங்கம் தனது கொப்லிப் பதக்கத்தை அவருக்கு 1871இல் வழங்கியது. சக்தி அழிவதில்லை என்று உலகுக்குச் சொன்ன மனிதரே, ஏந்தும் கையின்றி ஏறத்தாழ அழிந்துபோனார். விதி பிழைக்கவில்லை, மனிதர்தாம் பிழைத்தனர்.

மாயரின் வழியே சென்றால் இன்னொன்றும் புலனாகும். கல்லுக்கு 64 யூலைக் கொடுத்தது இளைஞனின் கை. அக்கைக்கு அதைக் கொடுத்தது அவன் உண்ட சோறு. சோற்றுக்கு அதைக் கொடுத்தது நெற்பயிர், நெற்பயிருக்குச் சூரியன். ஆனால் சூரியன் தானாகவே சோறாகிவிடுவதில்லை. இடையில் உழுதவர், நாற்று நட்டவர், களை பிடுங்கியவர், அரிவாள் பிடித்தவர், உலை வைத்தவர் என்று எத்தனையோ கைகள் இருந்தன. எறிந்த கை முதற்கை அன்று. அதன் பின்னால் பெயர் தெரியாத கைகளின் நீண்ட வரிசை ஒன்று நிற்கிறது. உச்சியில் நிற்கும் கல், "நானாக ஏறினேன்" என்று சொல்லுமாயின் அது எவ்வளவு பேதைமையோ, படித்துப் பதவி பெற்றவன் அவ்வாறு சொல்வதும் அவ்வளவு பேதைமையே.

பௌதிகம் இன்னொரு நுட்பத்தையும் சொல்கிறது. அழுத்தசக்தி என்பது கல்லுக்கு மட்டும் சொந்தமான சொத்து அன்று. அது கல்லுக்கும் புவிக்கும் இடையே உள்ள உறவில் தங்கியிருப்பது. புவி இல்லையெனின் உயரம் என்பதற்கே பொருளில்லை. ஊரை மறந்து உயர்ந்தவர்கள் இதைச் சிந்தித்தல் வேண்டும். நீர் எதிலிருந்து உயர்ந்தீரோ, அதனோடு உமக்குள்ள உறவே உமது உயரம். அவ்வுறவை அறுத்துக்கொண்டு உயரத்தை மட்டும் வைத்துக்கொள்ள எவராலும் இயலாது.

சக்தி நன்மையும் அறியாது, தீமையும் அறியாது. இதை எமது கரை மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றது. 2004 டிசம்பர் 26 காலை, சுமாத்திராவுக்கு அப்பால் கடற்றளத்தின் பெரும் பகுதியொன்று நிலநடுக்கத்தினால் உயர்த்தப்பட்டது. அதன்மேல் இருந்த கடலும் உயர்த்தப்பட்டது. மேலே எறியப்பட்ட கல்லைப் போன்றே, உயர்த்தப்பட்ட அந்த நீரும் தான் பெற்ற அழுத்தசக்தியை இயக்கசக்தியாக மாற்றிக்கொண்டு எல்லாத் திசைகளிலும் ஓடியது. அது எமது கிழக்குக் கரையை வந்தடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் ஆயிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் இதுவே. மாளிகைக்காட்டிலும் கல்முனையிலும் தம்பிலுவில்லிலும் கடல் சாதி கேட்கவில்லை, சமயம் கேட்கவில்லை. பின்னர் பலர் இதனை விதி என்றனர். நிலம் அசைந்தது இயற்கை. நீர் ஓடியதும் இயற்கை. ஆனால் அந்த இரண்டு மணித்தியாலம்? அது மனிதருக்குரிய நேரம். எழுந்த நீருக்கும் விழுந்த நீருக்கும் இடையில், செய்தியை ஏந்திவரும் ஒரு கை இந்து சமுத்திரம் முழுவதிலும் இருக்கவில்லை. எச்சரிக்கும் அமைப்பு பிற்பாடே உருவாக்கப்பட்டது. அதை முன்பே உருவாக்குவதை எந்த இயற்கை விதியும் தடுத்திருக்கவில்லை.

கல்வித் துறையிலும் இதே கணக்குத்தான். 1945இல், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அது உழைப்பாளர் எறிந்த கற்களுக்கு முதன்முதலாகக் கிடைத்த ஒரு சாரப்பலகை. எமது கரையிலேயே, 1995இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அதுவும் ஒரு பலகை. நாம் இன்று ஆசிரியராக நின்று இதனை எழுதுகிறோமெனின், இத்தகைய பலகைகளின்மேல் நின்றே எழுதுகிறோம். இவற்றின் அருமையைக் குறைத்துச் சொல்வது நன்றிகேடாகும்.

ஆனால் பலகை மட்டும் போதாது. பலகையின்மேல் ஒரு மனிதன் நிற்கவேண்டும். எமது வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். தாய் பிறர் வயலில் நாட்கூலிக்குக் களை பிடுங்குபவர். சாதாரண தரப் பரீட்சையில் அவள் மிகச் சிறந்த பெறுபேறு பெற்றாள். அவளது பெறுபேற்றை அறிவித்தற் பலகையில் எழுதினோம். காலைக் கூட்டத்தில் நிறுத்திக் கைதட்டினோம். உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்க விரும்பினாள். அதற்குத் தூரத்துப் பாடசாலைக்குச் செல்லவேண்டியிருந்தது. பஸ் கட்டணம், தனியார் வகுப்புக் கட்டணம், மாலை இருட்டியபின் வீடு திரும்பும் பயம். சில மாதம் சென்றாள், பின்பு நின்றுவிட்டாள். பிறிதொரு நகரில் உடுப்புத் தைக்கும் தொழிற்சாலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். "ஏழை வீட்டுப் பிள்ளை, மேலே எறிந்தது கீழே விழத்தானே செய்யும்" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னார். நாம் மறுத்துப் பேசவில்லை. தைப்பது இழிதொழில் என்று நாம் சொல்லவரவில்லை. உழைப்பில் இழிவு ஏது? அவள் விரும்பி ஏறிய உயரம் அவளுக்குக் கிடைக்கவில்லை என்பதே எமது துயர். அவள் உச்சியில் நின்ற அந்தக் கணத்தில் நமது கைகள் ஒன்றையொன்று தட்டிக்கொண்டிருந்தன. தட்டும் கை ஏந்தமாட்டாது. ஒரு மாதத்துப் பஸ் கட்டணத்தை ஆசிரியர்கள் பகிர்ந்திருக்கலாம். அந்த நகரில் ஓர் உறவினர் வீட்டைத் தேடிக் கொடுத்திருக்கலாம். குறைந்தபட்சம் தாயைச் சென்று கண்டு பேசியிருக்கலாம். மூன்றில் ஒன்றையும் நாம் செய்யவில்லை.

இதற்கு மறுப்புரைப்போர் உளர். "கல்லுக்கு மனம் இல்லை, மனிதனுக்கு உண்டு. மனிதனைக் கல்லோடு ஒப்பிடலாமா?" என்பர். ஒப்புமைக்கு எல்லை உண்டென்பதை நாமும் ஏற்கிறோம். யூல் கணக்கு மனித உழைப்பின் மதிப்பைச் சொல்லிவிடாது. அந்த இளைஞன் ஒரு நாளில் ஆயிரம் கல் எறிந்தான் என்று வைத்துக்கொள்வோம். கற்கள் பெற்ற சக்தி 64,000 யூல். அது 60 உவாற்று மின்குமிழ் ஒன்று ஏறத்தாழப் பதினெட்டு நிமிடம் எரியப் போதுமானது, அவ்வளவுதான். அவனது தோள்வலியும் வியர்வையும் மாலையில் வீட்டுக்குக் கொண்டுசென்ற அரிசியும் பதினெட்டு நிமிட வெளிச்சத்தின் விலையா? இல்லை. பௌதிகம் கல் எவ்வளவு உயர்ந்தது என்பதை மட்டும் அளக்கிறது. எறிந்தவன் என்ன இழந்தான் என்பதை அளப்பதில்லை. அதை அளப்பது நமது பொறுப்பு. கல்லுக்கு மனம் இல்லை என்பது நமது கடமையைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது. விழும் கல்லுக்கு வலிக்காது; விழும் பிள்ளைக்கு வலிக்கும்.

"எல்லாரையும் ஏந்திக்கொண்டே இருந்தால் சுயமுயற்சி கெட்டுவிடாதா?" என்று கேட்பாரும் உளர். அந்தச் சுவரை அவர்கள் சென்று பார்க்கட்டும். ஏந்தப்பட்ட கல் சோம்பிக் கிடக்கவில்லை. அடுத்த கல்லைத் தாங்கிற்று. அதன் மேலதைத் தாங்கிற்று. முடிவில் கூரையையே தாங்கிற்று. ஏந்தப்படுதல் என்பது சுமையிலிருந்து விடுபடுதல் அன்று. சுமக்கும் இடத்தை அடைதல்.

இன்னும் ஒன்று. எறிந்தவன் தமிழன், ஏந்தியவர் முஸ்லிம். எமது கரையில் இவ்விரு மக்களும் ஒருவரையொருவர் அஞ்சி ஒதுங்கிய காலங்கள் இருந்தன. அவற்றின் வடுக்கள் இன்னும் ஆறிவிடவில்லை. ஆயினும் அன்று அந்தச் செங்கல் யார் கையிலிருந்து வருகிறது, யார் கைக்குச் செல்கிறது என்று கேட்கவில்லை. இரு கைகளுக்கும் இடையே இருந்த வளியில், ஒரு சொற்பக் கணம், இருவரது நம்பிக்கையின்மேல் மட்டுமே அது நின்றது. மேலே இருப்பவர் பிடிப்பார் என்று கீழே இருப்பவன் நம்பினான். கீழே இருப்பவன் அளவறிந்து எறிவான் என்று மேலே இருப்பவர் நம்பினார். "என்ட கையில வந்து நிக்கணும்" என்ற அந்த முதியவரின் சொல்லில் ஒரு சமுதாயத்தின் அறம் முழுவதும் அடங்கியிருப்பதாக இன்று எமக்குத் தோன்றுகிறது.

அந்த வீடு இன்றும் நிற்கிறது. அதன் முகட்டுச் சுவர்க் கற்களில், ஒரு பிற்பகலில் ஓர் இளைஞன் கொடுத்த சக்தி இன்னும் உயரமாகத் தங்கியிருக்கிறது. ஒரு யூலும் குறையவில்லை. அவ்வழியே பாடசாலைக்குச் செல்லும்போது, உடுப்புத் தொழிற்சாலைக்குப் போன அந்த மாணவியை நினைத்துக்கொள்கிறோம். இவ்வாண்டும் சாதாரண தரப் பெறுபேறுகள் வரும். எமது அறிவித்தற் பலகையில் சில பெயர்கள் ஏறும். அவர்கள் உச்சியில் நிற்கும் கணம் மிகக் குறுகியது. அப்போது நமது கைகள் எங்கே இருக்கப்போகின்றன?